தலைகீழ் உருண்டை

கல்லூரியில் கணினி வரைகலை நடத்துகிறவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி. மதிப்பெண்ணை வெட்டுகிறவள் என்பதால். அது அவள் காதுக்கு எட்டிய அன்று வகுப்பில், "நல்ல பேருதான். கத்தரிக்குக் காது கிடையாது, அதனால யாரும் வந்து கெஞ்சாதீங்க" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பருவத்தின் முதல் நாளே நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கையில் திணித்துவிடுவாள். இருபத்திரண்டு விதிகள். எழுதித் தரும் நிரல், அதாவது புரோகிராம், ஆய்வகக் கணினியில் ஓடாவிட்டால் பூஜ்யம். வீட்டில் நன்றாக ஓடியது என்றால் வீட்டாரிடம் காட்டி மகிழலாம். ஒரு நிமிடம் தாமதித்தாலும் ஒரு நாள் கணக்கு. மறுமதிப்பீடு கேட்டால் முழுவதும் திருத்தப்படும், இருப்பதும் போகலாம். எல்லாவற்றிலும் பிரசித்தமானது மூன்றாம் விதி: "நான் தரும் மாதிரிப் படம் தவறு என்று வந்து நிற்காதீர்கள். தவறு உங்கள் நிரலில் இருக்கிறது."

பகலில் அச்சகத்தில் பக்கம் கோர்த்துவிட்டு மாலைக் கல்லூரியில் படித்தவள் அவள். அங்கே ஒரு வாத்தியார் முகம் பார்த்து மார்க் போடுவார். இவள் தாளைப் பார்த்து எழுதிய சிநேகிதிக்கு எழுபது, இவளுக்கு முப்பத்தெட்டு. அந்தக் கசப்பு இருபது வருடமாக நாக்கிலேயே இருந்தது. அதனால் பயிற்சிகளைத் திருத்துவதற்கென்று ஒரு நிரலைத் தானே எழுதி வைத்திருந்தாள். மாணவரின் படத்தை மாதிரிப் படத்தின் மேல் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிடும். பொருந்தினால் மார்க், பொருந்தாவிட்டால் பூஜ்யம். யார் வீட்டுப் பிள்ளை என்று அது கேட்காது.

அந்த வருடம் அவள் வீட்டுப் பிள்ளையே வகுப்பில் இருந்தாள். மாடியில் குடியிருக்கும் நாத்தனாரின் மகள். வீட்டில் அத்தை, கல்லூரியில் மேடம். இரண்டையும் ஒரே வெறுப்போடு சொல்லக் கற்றிருந்தாள்.

நான்காம் பயிற்சி ஓர் உருண்டை. இடதுபக்கம் மேலே ஒரு விளக்கு, அதன் வெளிச்சம் உருண்டையில் எப்படி விழும் என்று வரைய வேண்டும். இருபது மார்க். நாற்பத்தாறு பேருக்குப் படம் பொருந்தியது. நாத்தனார் மகளுக்கு மட்டும் பூஜ்யம். மற்ற பயிற்சிகளிலும் தேர்விலும் எண்பதுக்கு முப்பத்தொன்றுதான் அவளிடம் இருந்தது. தேற நாற்பது வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்ட பாடம். இன்னொரு முறை போனால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

மாலையில் கத்தரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நாத்தனார் படியிறங்கி வந்தாள்.

"அண்ணி, ஊரார் பிள்ளைங்க நாப்பத்தாறு பேருக்கு அள்ளி விட்டிருக்கீங்க. எம்பொண்ணுன்னா மட்டும் கை சுருங்கிடுதா?"

"நான் போடலை. மிஷின் போட்டது."

"மிஷினுக்கு நாத்தனார் இல்லை, உங்களுக்கு இருக்கே!"

"மறுமதிப்பீடு வேணும்னா எழுதிக் கொடுக்கச் சொல்லு. இருக்கிறதும் போகலாம்னு படிச்சுட்டுக் கொடுக்கச் சொல்லு."

"பூஜ்யத்துல இருந்து என்னத்தப் புடுங்கப் போறீங்க?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. மகள்.

மறுநாள் மேசையில் விண்ணப்பம் கிடந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: 'விளக்கை மேலே வைக்கச் சொன்னீர்கள். வைத்தேன்.'

திமிரைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தப் படத்தைத் திறந்தாள். உருண்டையின் மேல்பக்கம் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் தன் மாதிரிப் படத்தை வைத்தாள். அதில் கீழ்ப்பக்கம் பளிச்சென்று இருந்தது. சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து மீண்டும் பார்த்தாள், விசிறிதான் குற்றவாளி என்பதுபோல.

கணக்கில் உயரத்தைக் கீழிருந்து எண்ணுவார்கள். படக் கோப்பில் வரிசைகளை மேலிருந்து எண்ணுவார்கள். இதை மறந்தால் படம் தலைகீழாகும். முதல் வாரமே கரும்பலகையில் எழுதி, மறந்தவர்களுக்கு ஐந்து மார்க் வெட்டுகிறவள் அவள்தான். இந்த வருடம் மாதிரியைப் புதிதாக எழுதியபோது அவளே மறந்திருந்தாள்.

அப்படியானால் மற்ற நாற்பத்தாறு? ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லோரும் முதலில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசியில் வெவ்வேறு இடங்களில் ஒரு கழித்தல் குறியைச் செருகி, உருண்டையைக் கவிழ்த்து, அவள் படத்தோடு பொருத்தியிருந்தார்கள். ஒரு நிரலில் அந்த வரிக்குப் பக்கத்தில், 'இது ஏன் என்று தெரியாது, இருக்கட்டும்' என்று குறிப்பு வேறு.

வகுப்பில் கேட்டாள். "மாதிரி தப்புன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?"

மெதுவாகக் கைகள் எழுந்தன. முக்கால்வாசி.

"ஒருத்தராவது வந்து சொன்னீங்களா?"

"மூணாம் விதி, மேடம்" என்றான் பின்வரிசையில் ஒருவன். இந்த முறை வகுப்பே சிரித்தது.

துறைத்தலைவர் விஷயத்தை இரண்டு நிமிடத்தில் முடிக்கப் பார்த்தார். "அந்தக் கேள்வியையே தூக்கிடுங்கம்மா. எண்பதுக்குக் கணக்குப் போட்டு நூறாக்கிடலாம். உங்க மானமும் மிஞ்சும்."

எண்பதுக்கு முப்பத்தொன்று, நூற்றுக்கு நாற்பதைத் தொடாது. அவளுக்கு மனக்கணக்கு வேகமாக வரும்.

"தூக்கினா, சரியா செஞ்ச ஒருத்திதான் வெளியே போவா, சார்."

"சரியா செஞ்ச ஒருத்தி உங்க வீட்டுப் பொண்ணாமே?" அவர் பேனாவை மூடினார். "நாப்பத்தாறு பேருக்கு ஒரு விடை, வீட்டுப் பொண்ணுக்கு ஒரு விடை. ஊர் என்ன பேசும்?"

"பேசட்டும். படத்தைப் பார்த்துச் செஞ்சவங்க மார்க் அப்படியே இருக்கட்டும், தப்பான படத்தைக் கொடுத்தது நான். கேள்வித்தாளைப் படிச்சுச் செஞ்சவளுக்கும் மார்க் உண்டு. தாளை எழுதினதும் நான்தான்."

"அப்போ, தப்பு உங்களோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. உங்க கோப்புல வைக்கணும். அடுத்த மாசம் உங்க வேலை நிரந்தரமாகிறது பத்திக் கமிட்டி உட்காருது, ஞாபகம் இருக்கில்ல?"

ஏழு வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவளுக்கு அது மறக்குமா? வெள்ளைத்தாள் கேட்டாள். அவர் இழுப்பறையைத் திறந்து, தேடி, ஒரு பக்கம் ஏற்கெனவே அச்சான தாளைத்தான் கொடுத்தார். அதன் பின்பக்கம் ஆறு வரி எழுதினாள். கையெழுத்தை அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது.

விதிப்படி முழுவதையும் திருத்தினாள். இருபதுக்குப் பதினேழு. மொத்தம் நாற்பத்தெட்டு. நாத்தனார் மகள் தேறிவிட்டாள்.

அன்று மாலையும் செருப்பைக் கழற்ற விடவில்லை. இந்த முறை மகளே படியில் நின்றாள்.

"மூணு மார்க் எங்கே, அத்தை?"

"கோப்போட பேர் தப்பு, அதுக்கு ஒண்ணு. விளக்கக் குறிப்பு ஒரு வரிகூட எழுதலை, அதுக்கு ரெண்டு."

"தப்பான படத்தைக் கொடுத்தது நீங்க. எனக்கு வெட்டுறீங்களா?"

"என் தப்புக்கு எழுதிக் கொடுத்துட்டேன். அதனால என் வேலை நிலைக்குமா போகுமான்னு தெரியாது. இது உன் தப்பு."

"நாப்பத்தாறு பேர் பொய்யா செஞ்சு இருபது வாங்கிட்டாங்க. நான் ஒழுங்கா செஞ்சு பதினேழு. இதுதான் உங்க நியாயமா?"

கத்தரி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்பைக் கழற்றினாள்.

"அவங்க வச்ச பேர் சரியா இருந்தது" என்றாள் கடைசியில்.

"தூ!" என்றாள் நாத்தனார் மகள். படிகள் அதிர ஏறிப்போய்க் கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே நாத்தனார், "எவ்வளவு போட்டிருக்கா?" என்று கேட்பது கீழே வரை கேட்டது.