இரண்டு போட்டோ, ஒரு பேர்

நான் சொல்லப்போவது நடந்த விஷயம். நம்பிக்கை இல்லாவிட்டால் ஆட்டையாம்பட்டியில் இறங்கி, ஃபிளெக்ஸ் டிசைன் போடுகிற மஞ்சுளா கடை எங்கே என்று கேளுங்கள். முறுக்குக் கடைக்காரரே கை காட்டுவார். ஆனால் மஞ்சுளாவிடம் மட்டும் இதைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள். அதன் பிறகு வாய் திறக்கவில்லை. பேய் என்றதும் நடுராத்திரி, சுடுகாடு, புளியமரம் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இதில் கிடையாது. பட்டப்பகல். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த நேரம்.

மஞ்சுளா கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பழசு. எவ்வளவு பழசு என்றால், அதிலிருக்கும் கிராபிக்ஸ் கார்டைச் செய்த கம்பெனியே அதற்கு டிரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்டது. டிரைவர் என்றால் நம்ம ஊர் லாரி டிரைவர் இல்லை. திரையில் படம் காட்டும் கார்டை ஓட்டுகிற சின்ன புரோகிராம். அது சரியில்லாததால் ஒரு போட்டோவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும், நீல வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கும். சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் எல்லாம் வெள்ளையாகி அப்படியே நின்றுவிடும். ஓங்கி ஒரு உதை விடலாமா என்றிருக்கும் மஞ்சுளாவுக்கு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மேல் இன்னும் காய்ந்துகிடக்கும். காலை மடக்கிக்கொள்வாள்.

இந்தத் தொழிலில் எவரும் கண்ணீர் அஞ்சலி பேனரைப் புதிதாகப் போடுவதில்லை. கடைசியாகச் செத்தவரின் ஃபைலைத் திறப்பார்கள். போட்டோவை மாற்றுவார்கள், பேரை மாற்றுவார்கள், அவ்வளவுதான். போன மாதம் மஞ்சுளா அப்படித்தான் செய்தாள். மிஷின் நடுவில் நின்று நின்று ஓடியதில் பேர் ஒன்று மாறாமலே போய்விட்டது. கிழவியின் போட்டோவுக்குக் கீழே முந்தைய பெரியவரின் பேர்! இழவு வீடு என்றுகூடப் பார்க்காமல் சிரித்தார்கள். அதன் பிறகு ஊரில் விழுந்த இரண்டு சாவுக்கும் பேனர் சேலத்திலிருந்து வந்தது. மஞ்சுளாவின் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டார். "இன்னொருக்கா சொதப்புனீன்னா கடையச் சாத்திப்போட்டு மில்லுக்கு வந்துரு." அந்தக் கடை மஞ்சுளா தன் கையால் உண்டாக்கியது. தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் கந்தப்பன் வந்து நின்றான்.

"அக்கா, அப்பா போயிட்டாருங்க."

"ஐயோ சாமி... எப்பங்க?"

"விடியக்காலம். நாலு மணிக்கு எடுக்கறோமுங்க. அதுக்குள்ள ஊட்டு முன்னால பேனர் கட்டோணும். சேலத்துல போடலாம்னாங்க, நாந்தான் நம்ம ஊர்க் கடையின்னு வந்தேன். போன மாசமாட்ட வேற யாரையாச்சும் சாகடிச்சுப்போடாதீங்க."

செத்தவர் பேர் வெங்கடாசலம். எண்பது தாண்டியவர். பேரன் காதுகுத்தில் எடுத்த போட்டோவை கந்தப்பன் அனுப்பிவிட்டுப் போனான். மஞ்சுளா பழைய ஃபைலைத் திறந்தாள். போட்டோவை உள்ளே கொண்டுவந்தாள்.

வட்டம் சுற்றியது.

அணைத்துப் போட்டாள். மறுபடி வட்டம். வெயிலும் ஏறிக்கொண்டே போனது. இரண்டு தெரு தள்ளி இழவு மேளம் கேட்கத் தொடங்கிவிட்டது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மிஷின் ரிப்பேர் பார்க்கிற ஜெர்ரிக்குப் போன் போட்டாள். அவன் இருப்பது சேலத்தில்.

"ஜெர்ரி, இன்னைக்கு இது ஓடோணும். இல்லீன்னா நான் மில்லுல நூலு சுத்தப் போயிருவேன், பாத்துக்க."

"நான்தான் புது கார்டு போடுங்கன்னு எப்பவோ சொன்னனேக்கா. சரி, ஒன்னு அனுப்பறேன். கம்பெனி டிரைவர் இல்ல. வெளியாளுங்க மாத்தி எழுதுனது. பழைய கார்டு பறக்கும்பாங்க."

"வெளியாளுன்னா யாரு?"

"அதெல்லாம் யாருக்குக்கா தெரியும்? நெட்ல எவனோ போடறதுதான். சிவப்பு எழுத்துல வேண்டாம் வேண்டாம்னு சொல்லும். கண்டுக்காதீங்க. போடுன்னு அமுக்குங்க."

அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். மிஷினை அணைத்துப் போட்டு, கையெழுத்துச் சோதனை என்று ஏதோ ஒன்றை நிறுத்தினாள். சிவப்பு எழுத்து வந்தது. இதை எழுதியது யார் என்று தெரியவில்லை, வேண்டாம் என்றது. போடு என்று அமுக்கினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதி வந்தது...

கரண்ட் போய்விட்டது.

மின்விசிறி நின்றது. பக்கத்துக் கொட்டகையில் 'டடக் டடக்' என்று ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒரே சமயத்தில் அடங்கின. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. திரை கறுத்தது. மஞ்சுளா மேசையில் தலையைச் சாய்த்தாள். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

'ட்ரூங்...'

தலையைத் தூக்கினாள். மிஷின் எழுந்திருந்தது. திரையில் அத்தனை வெளிச்சம்! ஃபைலைத் திறந்தாள், கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. போட்டோவை இழுத்தாள், விரல் போகும் முன்னே போனது. வட்டமே இல்லை. "அட என்ற சாமி!" என்று வாய்விட்டே சொன்னாள். மடமடவென்று பேரை மாற்றினாள். தேதியை மாற்றினாள். மூன்று தடவை படித்துப் பார்த்தாள். வெங்கடாசலம். சரி.

அப்போதுதான் ஓரத்தில் அதைக் கவனித்தாள்.

போட்டோவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம். உள்ளே கறுப்பாகக் கோடுகள். உற்றுப் பார்த்தாள். கோடுகள் இல்லை, தலைமுடி. திரையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கினாள். போய்விட்டது. பழைய பேனரில் இருந்த யாருடையதோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

போட்டோவைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினாள். மறுபடி கட்டம். இப்போது நெற்றியும் தெரிந்தது. பொட்டில்லாத நெற்றி. அதில் முடி ஈரமாக ஒட்டிக்கிடந்தது.

ஜெர்ரியைக் கூப்பிட்டாள்.

"வேகமா ஓடுது ஜெர்ரி. ஆனா ஆரோ ஒரு பொம்பள மூஞ்சி நடுவுல வருது."

சிரித்தான். "கார்டு மெமரில பழைய படம் மிச்சம் இருக்கும்க்கா. மாத்தி எழுதுன டிரைவர் சரியாத் துடைக்காது. பிரிண்ட்ல வராது, பயப்படாதீங்க."

பழைய படம். சரி. ஆனால் இவளை எந்தப் பேனரில் போட்டோம்? யோசித்துப் பார்த்தாள். இப்படி ஈர முடியோடு ஒரு படத்தை அவள் போட்டதே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். முழு முகமும் வந்திருந்தது.

சின்ன வயசுப் பெண். கண் மூடியிருந்தது. வெங்கடாசலத்துக்கு வலது பக்கம், ஜோடிப் போட்டோவில் நிற்பதைப் போல.

வெங்கடாசலத்தின் படத்தை மறைக்கும் பொத்தானை அமுக்கினாள். அவர் மறைந்தார்.

அவள் மறையவில்லை.

மஞ்சுளாவுக்கு வியர்த்துக் கொட்டியது. விசிறியைக் கூட்டலாம் என்று அண்ணாந்து பார்த்தாள்.

விசிறி ஓடவில்லை.

காதைத் தீட்டினாள். பக்கத்துக் கொட்டகையில் சத்தமே இல்லை. ஒரு தறிகூட ஓடவில்லை...

கரண்ட் வரவே இல்லை.

எதிரில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 'கிர்ர்ர்...'

அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமோ... தலைக்கு மேல் விசிறி 'டக்' என்று அசைந்தது. சுற்றியது. தறிகள் 'டடக்' என்று எழுந்தன.

இப்போதுதான் கரண்ட் வந்தது.

திரை ஒரு சிமிட்டுக்கூடச் சிமிட்டவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் ஓடியிருப்பாள். மஞ்சுளாவுக்கு மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செத்துப்போன பேட்டரி எப்படியோ பிழைத்துக்கொண்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வெங்கடாசலத்தின் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்க்காமலே சேவ் செய்தாள். கொண்டலாம்பட்டியில் பிரிண்ட் போடும் காளிதாஸுக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

பிடுங்கும்போது ஓரக்கண்ணில் பட்டது. மூடியிருந்த கண் இப்போது ஒரு நூல் திறந்திருந்தது.

வாசலில் வந்து வெயிலில் நின்றாள். போன் அடித்தது. காளிதாஸ்.

"ஏனுங்க்கா, மறுக்காவும் பழைய ஃபைலு மேலயே அடிச்சீங்களா?"

"ஏன்... பேரு தப்பா இருக்குதா?"

"பேரு சரிதானுங்க. பேரு ஒன்னு, போட்டோ ரெண்டு இருக்குதே! அந்தம்மா பேரு என்னன்னு போடறது?"

மஞ்சுளா கடைக்குள் திரும்பிப் பார்த்தாள்.

"லைன்ல இருக்கீங்களா? இருங்க, படம் எடுத்து அனுப்பறேன்."

வாட்ஸ்அப்பில் வந்தது. திறந்தாள்.

கண் முழுதாகத் திறந்திருந்தது.

அது போட்டோ எடுப்பவரைப் பார்க்கவில்லை... பக்கத்தில் இருந்த வெங்கடாசலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காளிதாஸ்... அது மேல ஒரு குத்துவிளக்குப் படத்தப் போட்டு மறைச்சுரு. கேள்வி கேக்காத."

"இன்னொருக்கா சரி பண்ணி அனுப்பலாமுங்களே?"

"மிஷின நான் தொடமாட்டேன். மறைச்சுரு சாமி."

எடுப்பதற்கு முன்னே ஃபிளெக்ஸ் வந்து சேர்ந்தது. பந்தல் காலில் கட்டினார்கள். பேர் சரி, தேதி சரி. கந்தப்பன் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினான். "நல்லா இருக்குதுங்க்கா." கடை பிழைத்தது. மஞ்சுளாவுக்கு மூச்சு வந்தது.

திரும்பப் போனவளை ஒரு கிழவி கூப்பிட்டாள். செத்தவரின் தங்கை, மாரக்காள்.

"ஏ அம்முணி, நீதான போட்ட? எங்கண்ணனத் தள்ளி ஓரமா நிறுத்திப்போட்டு, நடுவுல எதுக்கு இத்தாம்பெரிய வெளக்கு? பக்கத்துல ஆருக்கோ எடம் உட்டாப்புல இருக்குது."

ஒருவேளை இந்த வீட்டுப் பெண்ணாக இருக்கலாம், கந்தப்பன் அனுப்பிய போட்டோவில் எப்படியோ வந்திருக்கலாம் என்று மஞ்சுளா நினைத்தாள். அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி! காளிதாஸ் அனுப்பிய படத்தைத் திறந்து போனைக் கிழவியின் முன்னே நீட்டினாள்.

"இது உங்க ஊட்டு ஆளுங்களா ஆத்தா?"

மாரக்காள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்காளா..."

"ஆருங்க?"

"எங்கண்ணனுக்கு மொதல்ல கட்டுனவ. அங்காளம்மா. வந்த வருசமே கெணத்துல போயிட்டா. இந்தப் போட்டோ ஏது உனக்கு?"

"தெரியலீங்க. பழைய போட்டோ எதையாச்சும் பாத்து..."

"போட்டோ ஏது சாமி? கண்ணாலத்துலயே போட்டோ புடிக்கல. அவ மூஞ்சி எந்தக் காயிதத்துலயும் கெடையாது. அவளத் தூக்கிப் போட்டதும், பேரையே எடுக்கப்படாதுன்னுட்டான் எங்கண்ணன்." குரல் இறங்கியது. "கயித்துக் கட்டில்ல வெச்சு மேல தூக்குனப்ப நான் கிட்டக்க நின்னேன். முடி இப்படித்தான் ஒட்டிக்கெடந்துச்சு. ஆனா கண்ணு மூடியிருந்துச்சே..."

வெளியே மேளம் உச்சத்துக்குப் போனது. பாடையைத் தூக்கினார்கள். கிழவி போனை மஞ்சுளாவின் கையில் திணித்தாள்.

"அழிச்சுப்போடு. இப்பவே அழி. அவன் போற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கோணும்னுதான் வந்திருக்கறா."

மஞ்சுளா அழித்தாள். அன்று ராத்திரி காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஜெர்ரியை வரச்சொல்லி, அவனை முன்னால் விட்டுத்தான் உள்ளே நுழைந்தாள்.

"அந்த டிரைவரக் கழட்டு. மிஷின் ஆமையாட்டம் ஓடுனாலும் பரவால்ல. எனக்கு அது வேண்டாம்."

ஜெர்ரி பிளக்கை மாட்டி ஆன் செய்தான். திரை மெதுவாக, பழையபடி மங்கலாக வந்தது. அங்கே இங்கே தட்டினான். புருவத்தைச் சுருக்கினான்.

"கழட்டறதுக்கு ஒன்னுமே இல்லையேக்கா. டிரைவர் ஏறவே இல்ல. பாதில கரண்ட் போயி அப்படியே நின்னுருக்கு."

"இல்ல ஜெர்ரி, வேகமா ஓடுச்சே. அந்த ஃபைலத் தொறந்து பாரு."

தேடினான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"வெங்கடாசலம்னு ஒரு ஃபைலும் இல்ல. கடைசியா சேவ் பண்ணது போன மாசம்." திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "அன்னைக்குக் கரண்ட் போனதுல அணைஞ்ச மிஷின், நான் இப்ப போட்டப்பத்தான் எந்திரிச்சிருக்கு. வேற மிஷின்ல பண்ணிட்டு என்னைய ஓட்டறீங்களாக்கா?"

மஞ்சுளா கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

அந்தக் கடையில் வேறு மிஷின் கிடையாது.