யானைக் கயிறும் கழுதைக் கயிறும்

மர்ளியா அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. ஆனாலும் மாம்புரிக் கரையில் அவளுக்குப் பெயர் அமெரிக்கா மர்ளியா. குவைத்தில் ஓர் அமெரிக்கத் தம்பதியின் வீட்டில் எட்டு வருடம் சமைத்துத் துடைத்த பெண் அவள். ஊர் திரும்பும்போது கொஞ்சம் இங்கிலீசு, ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, கரையில் நின்று இழுக்கும் ஒரு கரைவலை வாங்கப் போதுமான சம்பளம் ஆகியவற்றைக் கொண்டுவந்தாள். வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். எங்கள் கரையில் முந்தானையைத் தலைக்குப் போட்ட சம்மாட்டி அவள் ஒருத்திதான். அதற்கு ஒரு தைரியம் வேண்டும், அது அவளிடம் தாராளமாக இருந்தது.

பின்னேரங்களில் தொலைக்காட்சிப் பெட்டியைக் கார் பற்றரியில் பூட்டி ஜன்னலில் வைப்பாள். ஆம்பிளைகள் முற்றத்து மணலில், பெண்கள் உள்ளே. ஆங்கிலத் தொடர்களை ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்வாள். இடையில் தன் தீர்ப்பையும் வழங்குவாள், ஆனால் "இது என்ட கதை" என்று சொல்லிவிட்டுத்தான்.

"இவள் படுக்கையால எழும்பக்குள்ளயே லிப்ஸ்டிக்கோட எழும்புறாள். இது என்ட கதை."

பணக்காரக் குடும்பத் தொடரில் மேசை நிறையச் சாப்பாடு வைத்து, சண்டை போட்டு, ஒரு வாயும் தின்னாமல் எழும்பிப் போவார்கள். அதைக் கண்டால் அவளுக்குப் பத்திக்கொண்டு வரும். "ஆக்கினவள்ட பாவம் சும்மா விடாது" என்று பெட்டிக்கே ஏசுவாள். சிரிப்புத் தொடர்களில் எங்கிருந்தோ ஆட்கள் சிரிப்பது அவளுக்கு அறவே பிடிக்காது. நாங்கள் சிரிக்க வேண்டியதையும் அவர்களே சிரித்து முடித்துவிடுகிறார்களாம்.

அந்த 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் நம் நாட்டுத் தேர்தல் வந்தது. வலையின் வடக்குக் கயிற்றை இழுப்பவர்களுக்குத் தலைவன் அவள் தம்பி தாஹிர். அவன் யானைச் சின்னம். தெற்குக் கயிற்றுக்குத் தலைவன் மௌத்தாகி மண்ணுக்குள் போன அவள் புருசனின் தம்பி பாயிஸ். அவன் நாற்காலி, அதாவது கதிரைச் சின்னம், நீலக்கொடி. கதிரை வென்றது. பாயிசின் ஆட்கள் கொளுத்திய பட்டாசு தாஹிரின் கோழிக்கூட்டைப் பற்றவைத்தது. அன்றோடு வடக்குக் கயிறும் தெற்குக் கயிறும் முகம் பார்க்கவில்லை. மீன் பருவம் தொடங்கியும் வலை கடலில் இறங்கவில்லை. கரைவலைக்கு இரண்டு கயிறும் ஒரே அளவில் இழுபட வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது சும்மா கயிறுதான்.

அப்போது போர்க்காலம், கடற்படையின் பாஸ் இல்லாமல் வள்ளம் தூரம் போக முடியாது. இருட்டில் கடலுக்கு இறங்கவும் முடியாது. கரைவலைதான் அதன் கயிறு இழுக்கும் இருபத்தைந்து வீட்டுக்கும் கறி. போதாததற்கு ஊர் வழக்கு ஒன்றும் கழுத்தைப் பிடித்தது: பருவம் தொடங்கி அறுபது நாளுக்குள் ஒரு முறையாவது வலை கரையேறாவிட்டால், வலை வளைக்கும் இடமான பாடு வேறு சம்மாட்டியின் கைக்குப் போய்விடும். எட்டு வருட வேர்வை மணலில் கிடந்து காய்வதை மர்ளியா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் அமெரிக்காவில் தேர்தல் நடந்தது. இரண்டு கோஷ்டியும் செய்தி பார்க்க வந்தது, முற்றத்தின் இரண்டு மூலையில். பெட்டியில் அமெரிக்கப் படம் கறுப்பும் சாம்பலுமாகத் தெரிந்தது. மர்ளியா குவைத்து வீட்டில் கற்றதையும் இப்போது கேட்டதையும் சேர்த்து விளக்கினாள்.

"ஒரு கட்சி நீலம். மத்தது சிவப்பு, அவங்கட சின்னம் யானை."

"எங்கட ஆக்கள்!" என்று தாஹிர் துள்ளி எழும்பினான்.

"நீலம் எங்கட!" என்றான் பாயிஸ். "நீலத்துட சின்னம் என்ன மதினி?"

மர்ளியா கொஞ்சம் தயங்கினாள். "கழுதை."

தெருவெல்லாம் கழுதை மேயும் ஊரில் இதைச் சொன்னால் என்ன ஆகும்? வடக்குக் கயிறு மணலில் உருண்டு சிரித்தது. அமெரிக்கக் கட்சிகளுக்கும் நம் கட்சிகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லையென்று அவள் தொண்டை கிழியச் சொன்னாள். யார் கேட்டார்கள்! அன்றிலிருந்து அமெரிக்காவும் இவர்களின் சண்டையாகிவிட்டது.

அங்கேயோ ஒரு மாகாணத்தில் எண்ணுவதும், திரும்ப எண்ணுவதும், வழக்குப் போடுவதுமாக ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. ஒருநாள் பாயிஸ் முகத்துக்கு நேரே கேட்டான்.

"மதினி, நீங்க தாஹிர்ட கூடப்பொறந்த லாத்தா. யானைக்குக் கொஞ்சம் ஏத்திக் கதைக்கிறீங்களோ?"

அவளுக்குச் சுரீரென்றது. "டேய், ஒருத்தன் சொன்ன கதைய மத்தவனுக்குச் சொல்றது அமானிதம், நம்பிக் கையில குடுத்த பொருள் மாதிரி. அதுல நான் கை வைக்க மாட்டன்."

அவன் தலை குனிந்தான். அவள் ஒரு சொல்லையும் கூட்டியதில்லை, குறைத்ததில்லை என்பது அவனுக்கே தெரியும்.

நோன்பு பிறந்து பாதி மாதமும் போனது. அறுபது நாளில் மூன்றே நாள் மிச்சம். அன்று இரண்டு கோஷ்டியும் வந்தபோது பெட்டி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"வலை கடல்ல இறங்காம இனி இந்த முத்தத்துல அமெரிக்கா இல்ல" என்றாள் மர்ளியா.

முணுமுணுத்தார்கள். கெஞ்சினார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் தாஹிர் தலையாட்டினான். பாயிஸ் மட்டும் ஒரு நிபந்தனை போட்டான்.

"கடைசி நாள் விடியவே வாறன் மதினி. ஆனா அதுக்குள்ள யானை வெண்டிச்செண்டு முடிவு வந்திட்டா, இவன்ட சிரிப்பப் பாத்துக்கிட்டு நான் கயிறு புடிக்க மாட்டன்."

கடைசி நாள் விடியுமுன் நோன்புக்காகச் சஹர் சாப்பிடும்போது வானொலியில் தமிழ்ச் செய்தி போனது. கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இனி எண்ணத் தேவையில்லை. யானைதான். மர்ளியா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். அல்லாஹ்வே, இன்னும் ஒரு நாள் இழுத்திருக்கக் கூடாதா அவர்கள்!

வெளிச்சம் வந்ததும் வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்து வந்தது. வடக்கே தாஹிர், தெற்கே பாயிஸ். கயிறு பாதி வந்திருக்கும். தெற்கிலிருந்து பாயிசின் குரல் கேட்டது.

"மதினி! முடிவு வந்திச்சா?"

இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. எட்டு வருட வேர்வை கடலுக்குள் இருந்தது. இருபத்தைந்து வீட்டுக் கறி கடலுக்குள் இருந்தது. அவள் வாயிலோ நோன்பு. மர்ளியா கண்ணை மூடித் திறந்தாள்.

"இல்ல. இன்னும் எண்ணுறாங்க!"

பாயிஸ் கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்தான். வடக்கு ஓர் அடி வந்தால் தெற்கும் ஓர் அடி வந்தது. வலையின் மடி சாளை மீன் துள்ளத் துள்ள மணலில் ஏறியது. பாடு தப்பியது. பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். மர்ளியா மட்டும் மீனைப் பார்க்காமல் நேரே பாயிசிடம் போனாள்.

"பாயிஸ், நோன்போட பொய் சொல்லிட்டன். முடிவு சஹருக்கே வந்திட்டு. யானைதான். நீ இனி என்ட கதைய நம்பாட்டியும் பரவாயில்ல."

அவன் கையிலிருந்த மணலைத் தட்டினான்.

"தெரியும் மதினி. சஹருக்கு நானும் கேட்டன்."

"தெரிஞ்சுமா கேட்டாய்?"

"வரமாட்டன் எண்டு வாய விட்டுட்டன். வராம இருக்கவும் மனம் வரல்ல. நீங்க எண்ணுறாங்க எண்டு சொன்னீங்க, கயிறு புடிக்க எனக்கு ஒரு சாட்டுக் கிடைச்சிச்சு."

மர்ளியாவின் கண் கலங்கிவிட்டது. திரும்பித் தாஹிரைப் பார்த்தாள். சிரிப்பதற்கு அவனுக்குக் காலையிலிருந்து நேரம் இருந்தது. அவனோ வலையிலிருந்து பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன பாக்கிறாய் லாத்தா? எங்கட வீட்டு ரேடியோ மட்டும் என்ன ஊமையா?"

அன்று நோன்பு திறந்த பிறகு பெட்டி மறுபடி முற்றத்தைப் பார்த்துத் திரும்பியது. தோற்ற கழுதைக் கட்சிக்காரரின் பேச்சை மர்ளியா ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தாஹிர் தெற்கு மூலையில், பாயிசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வடக்கு மூலையில் இடம் இல்லை என்றான். அங்கே இடம் தாராளமாக இருந்தது.