மேஸ்திரி சுற்றிக்கொண்டு போன இடம்

பயப்படுவதற்கென்று நான் தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. மற்ற வேலைகளோடு சேர்ந்து அதுவும் நடந்துகொண்டிருக்கும். லிஃப்ட், பல் மருத்துவர், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு, மனைவி திடீரென்று அமைதியாகிவிடுவது என்று என் பயங்களின் பட்டியல் நீளமானது. ஐம்பத்தோரு வயது வரை அவற்றில் ஒன்றுகூடப் பலித்ததில்லை. எனவே நியாயமான ஒரு பயம் வந்து எதிரே நின்றபோது எனக்கு அதை அடையாளம் தெரியவில்லை. வழக்கமான வாயுத்தொல்லை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஊர் நடுவில் ஒரு பஞ்சாலை இருந்தது. மூடிப் பல வருடங்கள் ஆகி, உள்ளே சீமைக்கருவேலம் கூரையைத் தொட்டுவிட்டது. வழக்குகள் ஓய்ந்து, ஒருவழியாக அந்த இடத்தை டிஜிட்டல் புத்தாக்க வளாகமாக மாற்றுவது என்று முடிவாயிற்று. புத்தாக்கம் என்றால் என்ன என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், கண்ணாடிச் சுவரும் காபி மெஷினும் என்று சொல்லி வைத்தேன். இரண்டும் வந்ததால் என் மேல் அவருக்கு இன்றும் மரியாதை உண்டு.

நூல் நூற்ற பழைய கூடத்தை மட்டும் இடிக்கவில்லை. இரும்புத் தூண்களையும் கூரையையும் அப்படியே விட்டு, தரையில் பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, வளாகத்தின் நடுக்கூடம் ஆக்கினார்கள். அந்தக் கூடத்தின் சுவரொன்றில் மில்லின் கதையை எழுதும் வேலை எனக்கு வந்தது. வாரப் பத்திரிகையில் பத்து வருடம் நகைச்சுவைப் பத்தி எழுதியவனைச் சரித்திரம் எழுதக் கூப்பிட்டால் சந்தேகப்பட வேண்டும். நான் ஜிப்பா தைக்கக் கொடுத்தேன்.

கதையோடு மில்லின் பழைய வரைபடம் ஒன்றும் சுவரில் வேண்டும் என்றார் திட்ட மேலாளர். கோபிசெட்டிபாளையத்துப் பெண்; முப்பத்தைந்து வயதிருக்கும்; யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அசல் வரைபடங்களைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. ஆகவே மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆறு பேரை ஒரு காலையில் வரவழைத்தேன். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெள்ளைத் தாளை மேசையில் விரித்தேன்.

இங்கேதான் என் தவறு. நான் கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னேன். ஒரு வாரமாகக் காலிக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில், எது எங்கே இருந்திருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். "பஞ்சு குடோன் இங்க, கேன்டீன் இங்க, மில்லுக்கான பெரிய கிணறு பம்பு ரூமுக்குப் பின்னால இந்தப் பள்ளத்துல. சரிதானுங்களே?" என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன்.

"ஆமாங்க" என்றார்கள் ஆறு பேரும்.

அந்தக் கூட்டத்தில் மூத்தவர் நூற்புப் பிரிவில் மேஸ்திரியாக இருந்தவர். கிணற்றின் மேல் என் விரல் நின்றபோது அவர் பன்னை மெல்வதைச் சற்று நிறுத்தினார். பிறகு, "நல்லா வரையறீங்க" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வது எழுதுகிறவர்களின் தொழில்நோய்.

வேறு வரைபடம் இல்லாததால் காண்ட்ராக்டரும் என் படத்தையே வாங்கிப் போனார். அந்தப் பள்ளத்தைத் தோண்டினார்கள். மண் பொதபொதவென்று இருந்தது. கிணறேதான் என்று கான்கிரீட்டைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். புதுக் கட்டடம் எழும்பும் இடங்களில் மட்டும் மண் பரிசோதனை நடந்தது. நடுக்கூடம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த கட்டடம். அதன் தரையை யாரும் சந்தேகிக்கவில்லை. எனக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கு, சுவரைப் பார்க்க மேஸ்திரி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கூடத்துக்குள் ஒரே இரைச்சல். சின்னச் சின்னக் கம்பெனிகள் மேசை போட்டுத் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்ட ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் என் மகள் வேலை பார்க்கிறாள். தறியில் நூல் அறுந்தால் கைப்பேசிக்குச் சேதி அனுப்பும் ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள். அவர்களுக்குக் கூடத்தின் நட்டநடுவில் இடம் கிடைத்திருந்தது. அதற்காக நான் யாரிடமும் சிபாரிசு பேசவில்லை. பேசியிருந்தால் கழிப்பறைக்கு எதிரில் கிடைத்திருக்கும்.

மேஸ்திரி சுவரின் முன்னால் நெடுநேரம் நின்றார். "எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்குதுங்க" என்றார்.

"மேப் எப்படீங்க?"

"கலரு நல்லா எடுப்பா இருக்குதுங்க."

காபி மெஷின் கூடத்தின் மறுகோடியில் இருந்தது. அவரை அங்கே அழைத்துப் போனேன். நேராக நடந்தால் நாற்பது எட்டு. நான் நேராக நடந்தேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் அவர் பக்கத்தில் இல்லை. சுவரோரமாக, தூண்களுக்கு அந்தப்புறமாக, கூடத்தைச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் ஏன் சுற்ற வேண்டும்?

காபியை வாங்கிக்கொண்டவர் குடிக்கவில்லை. கூடத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பச்சைச் சுடிதாரு போட்ட பாப்பா உங்கூட்டுப் பாப்பாவுங்களா? உங்க சாடை இருக்குது."

"ஆமாங்க. பாவம், என்ன செய்யறது."

"கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து நிக்கச் சொல்லுங்களே."

"ஏனுங்க?"

"சும்மா சொன்னனுங்க. நிக்கறதுக்கு எங்கியும் நிக்கலாமுல்லீங்க."

வாயுத்தொல்லை ஆரம்பித்தது அப்போதுதான். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். முதல்முறையாகக் கேட்டேன். "ஐயா, கெணறு எங்கீங்க இருந்துச்சு?"

அவர் சங்கடத்தோடு துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "பாப்பா நிக்குதுங்களே, அங்கதானுங்க. டிபார்ட்மென்ட்டப் பெருசு பண்றப்ப மண்ணுப் போட்டு நெரப்பலீங்க. தண்டவாளத்தக் குறுக்க போட்டு, மேல கல்லப் பாவி மூடிப்போட்டாங்க. அதும் மேல மட்டும் நாங்க மிசினே நிறுத்த மாட்டமுங்க. நடக்கறதுகூடச் சுத்தித்தானுங்க."

"எவ்வளவு ஆழமுங்க?"

"கல்லுப் போட்டா, எச்சி முழுங்கறதுக்குள்ள சத்தம் வராதுங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா!"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? இங்கதான்னு சொன்னீங்க. நாலு பேருக்கு முன்னால இல்லீன்னு எப்படிங்க சொல்றது? உங்க மூஞ்சி சுண்டிப் போயிருமில்லீங்க. டீ, பன்னு எல்லாம் வேற வாங்கிக் குடுத்திருந்தீங்க."

எதிராளியின் முகம் வாடக் கூடாது என்று இந்த ஊரில் மனிதர்கள் எதையும் செய்வார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதைப் பற்றி இரண்டு பத்திகளும் எழுதியிருக்கிறேன். அந்தப் பெருமையின் மேல்தான் இப்போது என் மகள் நின்றுகொண்டு, சிரித்தபடி யாருக்கோ கைப்பேசியைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வாசல் வழியாக மெஷின் வந்தது. அலங்காரத்துக்கு வைக்கப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த நூற்பு இயந்திரம். யானை நீளம், யானையைவிடக் கனம். இரும்புக் குழாய்களை அடியில் உருளவிட்டு, பத்துப் பேர் கடப்பாரையால் நெம்பி நெம்பிக் கூடத்தின் நடுவை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலாளர் கையில் பட்டியலோடு முன்னால் நடந்தார்.

நான் ஓடிப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சொன்னேன் என்பது பெரிய வார்த்தை. "ஒரு சின்ன விஷயமுங்க மேடம்" என்று ஆரம்பித்தேன். மகள் காலுக்கடியில் பாதாளம் இருக்கிறது என்பதைச் சின்ன விஷயம் என்று ஆரம்பிக்கிறவன் நான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "கெணத்த ஃபில் பண்ணியாச்சுங்களே சார். உங்க மேப் பாத்துத்தானே பண்ணினாங்க."

"இல்லீங்க, அது வந்து, மேஸ்திரி ஐயா சொல்றாரு..."

மேலாளர் மேஸ்திரியிடம் திரும்பினார். "அப்படீங்களா ஐயா? சாரோட மேப்ல தப்பு இருக்குதுங்களா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வரைபடத்தின் கீழே என் பெயர் பித்தளை எழுத்துகளில் மின்னியது. "சார் படிச்சவருங்க. அவரு போட்டா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

"அப்பறமென்னங்க? நாளைக்கு ஃபங்ஷன் முடியட்டும் சார், பாத்துப்போடலாமுங்க" என்றார் மேலாளர். எங்கள் பக்கத்தில் பாத்துப்போடலாம் என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று பொருள்.

குழாய்கள் உருளும் சத்தம் நெருங்கியது. நேராக நடந்து போய் மகளின் கையைப் பிடித்துத் தூண் பக்கம் இழுத்தேன்.

"அப்பா, என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க. மானத்த வாங்காதீங்க."

"வா கண்ணு, சொல்றேன்."

"லேப்டாப் அங்க இருக்குப்பா!"

அவள் திரும்பிப் போகப் பார்த்தாள். நான் அவளை முந்திக்கொண்டு போய், இயந்திரத்துக்கு எதிரே, அந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். கனம் தாங்காத கல்லைக் காப்பாற்ற அதன் மேல் எண்பத்தாறு கிலோவை ஏற்றி நிற்பது எந்தப் பொறியியலிலும் சேராது என்பது நின்ற பிறகுதான் உறைத்தது. நகர்ந்தால் இயந்திரம் வரும். நகராவிட்டால் நானே போதும். உள்ளங்காலால் தரையைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லுங்க சார்" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் வரைஞ்ச மேப் தப்புங்க!" என்று கத்தினேன். என் குரல் இவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. "எனக்குத் தெரியாதுங்க! யாரையும் கேக்காம நானா போட்டதுங்க! கெணறு என் காலுக்கடியில இருக்குதுங்க!"

கூடம் அடங்கியது. அந்த அமைதியில், சுவரோரத்திலிருந்து மேஸ்திரியின் குரல் மெதுவாக வந்தது. "சார் இப்பச் சொல்றதுதானுங்க சரி."

நான் தப்பென்று ஒப்புக்கொண்ட பிறகு என்னை மறுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போய்விட்டது. தாராளமாக எல்லாவற்றையும் சொன்னார். தண்டவாளம் எத்தனை, கல் எந்தப் பக்கம் விரிசல், எல்லாம்.

கூடத்தைக் காலி செய்தார்கள். ஒரு ஆளின் இடுப்பில் கயிற்றைக் கட்டித் தூணோடு பிணைத்து, டிரில்லோடு அனுப்பினார்கள். டைல் உடைந்தது, சிமென்ட் உடைந்தது, கல்லில் கொஞ்ச நேரம் கீச்சிட்டது. பிறகு டிரில் சட்டென்று கைப்பிடி வரை உள்ளே இறங்கியது. அந்த ஆள் "ஐயோ அம்மா" என்று மல்லாந்து விழுந்தார். துளையிலிருந்து குளிர்ந்த காற்றும் பாசி வாடையும் வந்தன. சிமென்ட் சில்லு ஒன்றை உள்ளே போட்டார்கள். நான் எச்சில் விழுங்கினேன். அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது.

மேலாளர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது தரை என்பது நினைவுக்கு வந்ததும் எழுந்து வெளியே ஓடினார். இரண்டு நாளாக என் மகள் அதே இடத்தில்தான் நின்றிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

விழாவை முன்புறத் திடலுக்கு மாற்றினார்கள். மறுநாள் காலையில் பந்தல், நாற்காலி வரிசைகள், ஓரமாகக் கம்பெனி மேசைகள். விருந்தினர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மேஸ்திரியை முதல் வரிசையில் உட்காரவைத்து, அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். ராத்திரி தூங்காத கண் எரிந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஒரே கெணத்துத் தண்ணி அத்தனை பெரிய மில்லுக்குப் பத்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க பத்தும்? ரெண்டு கெணறுங்க."

"இன்னொண்ணு?"

"அது இந்தப் பக்கந்தானுங்க. மூடியாச்சுங்க. ஒண்ணும் பயமில்லீங்க, நீங்க நிம்மதியா இருங்க."

அவர் சொன்னது நிஜமா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா? தெரியவில்லை. கை தானாகவே மேலாளர் அறைப் பக்கம் நீண்டது; "அங்கீங்களா?" என்று கேட்க வாயெடுத்தேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஐயா, நான் எதுவும் சொல்லமாட்டேனுங்க. நீங்களே நடந்து போய் அந்த எடத்துல நில்லுங்க."

"இப்பவேங்களா?"

"இப்பவேங்க."

அவர் எழுந்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். பின்னால் நான், வாயை இறுக மூடிக்கொண்டு. மேடையைத் தாண்டினார். இடது பக்கம் திரும்பினார். மேசைகளின் வரிசை வந்தது. மூன்றாவது மேசையில் என் மகள் வயர்களைச் செருகிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி அவள் மேசைக்கு நேரே நின்று, கண்ணைச் சுருக்கிக் காம்பவுண்டுச் சுவரை அளந்தார். இங்கேயா என்று கேட்டால் ஆமாங்க என்பார். வேறு எங்கேயோ என்றால் அதற்கும் ஆமாங்க என்பார்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி நடந்தார். நாலு எட்டு, அஞ்சு எட்டு, ஆறு. பந்தலுக்கு வெளியே போய் நின்று, குதிங்காலால் மண்ணை ஒரு தட்டுத் தட்டினார். "இங்கீங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மகள் மேசையின் வயர்களை ஏற்கெனவே பிடுங்கிவிட்டிருந்தாள். ஏன் எதற்கு என்று கேட்காமல், மேசையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்கு நான் வரட்டும் என்று நின்றாள்.