கடலோர பங்களாவின் விக்கெட் கீப்பர்

என் கணவருக்குச் செங்கல்பட்டு பஜாரில் ஒரு சின்னத் தையல் கடை இருந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கிரிக்கெட் படங்கள். யுத்தத்துக்கு முன்னால் சிகரெட் பெட்டிக்குள் சின்ன அட்டையில் ஆட்டக்காரர்களின் படம் வைத்து விற்பார்களாம். யாரோ பிரித்துத் தைக்கக் கொடுத்த பழைய கோட்டின் உள்துணிக்குள், எங்கள் மாகாண அணியின் பந்துவீச்சாளர் ஒருவர் படம் அவருக்கு அகப்பட்டது. அன்று பிடித்தது. அந்த அணியின் பதினோரு பேரும் வேண்டும் என்று, பழைய பேப்பர் கடை, ரயில்வே குடியிருப்பு என்று எங்கே பழைய சாமான் விற்றாலும் போய் நிற்பார். படத்தில் இருந்த ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். விக்கெட் கீப்பர் மட்டும் கிடைக்கவேயில்லை.

சட்டை தைக்க வந்த மாமல்லபுரத்து மீன் வியாபாரி ஒருவர்தான் சேதி சொன்னார்.

"கடலோரமா ஒரு பங்களா கீது பாய். வெள்ளக்காரன் எப்பவோ காலி பண்ணிகினு பூட்டான். சமையக்காரக் கெழவன் மட்டும் தனியா கீறாரு. நீ சொல்ற படமெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிகீறாரு. போறதுன்னா சீக்கிரம் போ. கடல் அந்த பங்களாவத் தின்னுகினு வருது."

கடல் பார்க்கும் ஆசையில் நானும் கிளம்பினேன். அது ஐப்பசி மாதம். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய் இறங்கி, சவுக்குத் தோப்பை ஒட்டி மணலில் நடந்தோம். மழை இல்லை, காற்றும் இல்லை. ஆனால் கடல் சேற்று நிறத்தில் இருந்தது. மீனவர்கள் கட்டுமரங்களைத் தோப்புவரை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்நேரத்துல எங்க போற பாய்? கடல் கொணம் சரியில்ல. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடு" என்றார் ஒருவர்.

பங்களாவின் முன் வராந்தா முழுசாகப் போயிருந்தது. அதன் படிகள் மட்டும் மணலில் தனியாக நின்றன. பின்வாசல் வழியாகச் சமையல்காரப் பெரியவர் எங்களைக் கூட்டிப்போனார். மாதா கோயிலுக்குக் கிளம்பியவரைப்போல வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். எங்களைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. கூடம் பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு அலை மோதும்போதும் என் காலுக்குக் கீழே தரை தும் என்று அதிர்ந்தது. சுவரிலிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

அந்தச் சுவரில்தான் படங்கள் ஒரே பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தன. துரை பிடித்த சிகரெட் பெட்டிகளிலிருந்து இவர் எடுத்துச் சேர்த்த பதினோரு பேர். விக்கெட் கீப்பர் நடுவில் குனிந்து நின்றார். என் கணவருக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"பெரியவரே, அது ஒண்ணு மட்டும் குடுத்தீங்கன்னா, பதிலுக்கு என்னா வேணும்னாலும் தைச்சுத் தரேன்."

பெரியவர் சிரித்தார். சட்டத்தையே கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார். "எல்லாத்தையும் எடுத்துகினு போ தம்பி. எனுக்கு இனிமே இன்னாத்துக்கு?"

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் டீ ஜாடியை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத நீ வெச்சிக்கம்மா."

நான் கை நீட்டவில்லை. எட்டி அடுக்களையைப் பார்த்தேன். அடுப்பில் சாம்பல்கூட இல்லை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. தண்ணீர்ப் பானையும் கவிழ்ந்திருந்தது. கொல்லையில் கோழிக்கூண்டு திறந்து கிடந்தது.

"கோழியெல்லாம் எங்க ஐயா?"

"குப்பத்துல குடுத்துட்டேன்."

"ராத்திரிக்கு என்ன சாப்புடுவீங்க?"

அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்.

"மச்சான், படத்தக் கீழ வையுங்க" என்றேன்.

சட்டத்தை மார்போடு அணைத்திருந்த என் கணவர், "இன்னா நீ? அவராத்தானே குடுக்கறாரு" என்றார்.

"அவரும் நம்மகூட வந்தா எடுத்துக்கலாம். இல்லாட்டி வேணாம்."

பெரியவரின் சிரிப்பு போய்விட்டது. "உன் வேலையப் பாரும்மா. பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்புங்க" என்றார், அதட்டலாக.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்தார், கவிழ்ந்த பானையைப் பார்த்தார், பெரியவரின் வெளுத்த சட்டையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது. போய்ச் சட்டத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

"எனக்கு இது வேணாம் பெரியவரே. எங்ககூட வாங்க. கடையில படுத்துக்க எடம் கீது."

"இந்த வயசுல உன் கடையில வந்து நான் இன்னா பண்ணுவேன்? போ தம்பி."

அப்போது கடல் தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைந்து என் சேலையை நனைத்தது. பக்க அறையில் ஏதோ பெரிதாகச் சரிந்தது. நான் அலறி எழுந்தேன். பெரியவர் மட்டும் அசையவில்லை. எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டதுபோல அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கணவர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பெரியவர் திமிறினார், திட்டினார், பிறகு சட்டென்று தளர்ந்துபோனார். அவரை இழுத்துக்கொண்டு தோப்பைக் கடந்து ரோட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், என் கணவரின் மறு கை காலியாக இருந்தது.

"எடுத்துகினு வந்திருக்கலாமே மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அத எடுக்கணும்னா ரெண்டு கையும் வேணும். அவர் கைய வுட்டிருந்தா திரும்பிப் போயிருப்பாரு."

அடுத்த வாரம் வந்த மீன் வியாபாரி, பங்களா இருந்த இடத்தில் அலை புரள்கிறது என்றார். கடையில் எங்களோடு தங்கிவிட்ட பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டே பித்தான் தைத்தார். எங்களுக்கு நன்றியும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் தனியாகக் கொளவாய் ஏரிக்கரைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. டீ குடிக்க வீட்டுக்கு வந்துவிட்டு அவர் அந்தப் பக்கம் நடந்ததும் நான் கடைக்கு ஆள் அனுப்புவேன். என் கணவர் தைப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்காருவார். பழைய ஆட்டங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாராம். சில நாள் பதில் வரும், பல நாள் வராது. அவர்கள் திரும்பி வரும்வரை நான் வாசலைவிட்டு நகரமாட்டேன். அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போனது.

தை மாதத்தில் ஒரு காலை பெரியவர் முதல் தடவையாக எங்கள் அடுக்களைக்குள் வந்து நின்றார். கொதிக்கும் குழம்பை மோந்து பார்த்தார்.

"புளி ஜாஸ்தியா கீதும்மா. நவுரு" என்று என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

நான் கூடத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகையாக வந்தது.