குழந்தைகள் அறை திறந்த நாள்

பெண்கள் வேலை செய்யும் கம்பெனியில் அவர்களுடைய கைக்குழந்தைகளுக்கு ஓர் அறை இருக்கவேண்டும் என்பது விதி. அம்மா தையலில் இருந்த பனியன் கம்பெனியிலும் இருந்தது. சுவரில் மயில் படம், தரையில் மெத்தை, கதவில் பூட்டு. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் பூட்டு இருக்காது. இன்று நானும் அப்படிச் சோதனைக்குப் போகிற வேலையில்தான் இருக்கிறேன். தினமும் திறக்கிற கதவா என்று தெரிய, முதலில் தாழ்ப்பாளில் துரு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்களில் நடந்தது இது. பிழைப்புக்காகத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இந்தப் பனியன் ஊருக்கு வந்து, இங்கே ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. தம்பிக்கு இன்னும் நடை வரவில்லை. அம்மா வேலைக்குப் போனதும் அவன் பக்கத்து வீட்டில் புட்டிப்பால் குடித்துக்கொண்டு கிடப்பான்.

அறை திறந்தால் அதில் குழந்தைகள் வேண்டுமே. அம்மா தம்பியைக் கொண்டுபோனாள். எண்ணிக்கை குறையவே என்னையும் கைக்குழந்தையாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

டீச்சரும் வேண்டும். பேக்கிங்கில் பனியன் மடிக்கும் அக்காவுக்கு அன்று அந்தப் பதவி. அவருக்குத் தெரிந்தது மடிப்பு ஒன்றுதான். பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளைச் சதுரமாக்கி எல்லோருக்கும் கொடுத்தார்.

"மூலைக்கு மூலை மடிங்க கண்ணுகளா. இப்ப ரெண்டு கையையும் கீழ மடக்கோணும். கழுத்த மேல தூக்கோணும். அவ்வளவுதான், நாயி."

கை என்றது காதை, கழுத்து என்றது மூக்கை. எங்கள் நாய்களெல்லாம் பெட்டிக்குள் அடுக்குவதற்குத் தயாராக, சுருக்கமில்லாமல் இருந்தன. கண்ணை மட்டும் நாங்களே வரைந்தோம்.

டீ நேரத்தில் அம்மா வந்தாள். சாப்பாட்டு நேரத்திலும் வந்தாள். தம்பி பால் குடித்துக்கொண்டே என் நாயின் காதைப் பிடித்து இழுத்தான்.

"ஏட்டி, இது நாயா, எக்ஸ்போர்ட் பனியனா?" என்று அம்மா சிரித்தாள். பகல் வெளிச்சத்தில் அம்மா சிரித்துப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான், அதுவும் ஷிப்மென்ட் இல்லாத ஞாயிறுகளில். இந்த அறை நாளைக்கும் திறந்திருந்தால் போதும் என்று இருந்தது. வேறு எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதாக ஞாபகமில்லை.

கம்பெனி ஆபீசர் முன்கூட்டியே என்னிடம் சொல்லி வைத்திருந்தார். "டெய்லி வர்றியான்னு மேடம் கேப்பாங்க. ஆமாங்கன்னு சொல்லோணும், செரியா?"

வெள்ளைக்காரம்மா வந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டார். ஆபீசர் தமிழில் கேட்டார். நான் என் நாயை வெள்ளைக்காரம்மாவிடம் நீட்டி, "நாளைக்கும் வாங்க. நீங்க வந்தாத்தான் இந்த ரூமைத் தொறப்பாங்க" என்றேன்.

அக்கா மடிப்பதை நிறுத்தினார். ஆபீசர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, சிரித்தபடி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நான் சொன்னதைவிடச் சிறியதாக இருந்தது. வெள்ளைக்காரம்மா என் கன்னத்தைத் தட்டி, நாயைத் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதனால் மறுநாளும் வருவார் என்று நம்பினேன்.

மறுநாள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனேன்.

"ஆடிட்டு முடிஞ்சுதுங்கல்ல. ஊட்டுக்குப் போ சாமி" என்றார் வாட்ச்மேன்.

அன்று இருட்டியபிறகு அம்மா வந்தபோது தம்பி புட்டிப்பால் குடித்துத் தூங்கியிருந்தான். அம்மா நேராகக் குளிக்கும் மறைப்புக்குள் போனாள். எட்டிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மார்பைப் பிழிந்து பாலைத் தரையில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"பால் கட்டிக்கிட்டு, ஏட்டி. உயிர் போவுது. போ அங்கிட்டு."

முந்தின நாள் தம்பி அத்தனை ஆசையாகக் குடித்ததால்தான் வலிக்கிறது என்று நினைத்தேன். குடிக்க ஆள் பக்கத்தில் இல்லாததால் கட்டிய பால் என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யும்போது, அந்த அறையை இனிமேல் திறக்கவே வேண்டாம் என்று இயேசுவிடம் கேட்டுக்கொண்டேன்.