கம்பிக்கு இந்தப் பக்கம்

ஆலங்குடாவில் மாதர் சங்கம் ஒழுங்கு செய்த ஒருநாள் வகுப்பில், இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கக் கற்பிக்கப் போயிருந்தேன். யுத்தம் முடிந்து, கரையெங்கும் ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். வந்தவர்களில் கருவாடு போடும் ஒரு பெண்ணை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. வெயிலில் கறுத்த, ஒடிசலான உருவம். ஒவ்வொரு படத்துக்கு முன்னும் போனின் கமராக் கண்ணை முக்காட்டு நுனியால் அழுத்தித் துடைப்பார்.

"படத்தில முன்னுக்கு ஒரு பொருள் இருக்கோணும். அப்பதான் பின்னால உள்ள தூரம் தெரியும்" என்று சொல்லிக்கொடுத்தேன். மற்றவர்கள் தோணிகளைத் தேடிப் போனார்கள். இவரோ ஹோட்டல்காரர் அடைத்த முள்ளுக்கம்பி வேலியைப் படமெடுத்து வந்து காட்டினார். படம் முழுக்கத் தடித்த கம்பிகள். அவற்றுக்குப் பின்னால் எங்கோ கடல்.

"கம்பி படத்தைக் கெடுக்குது. ரெண்டடி முன்னுக்குப் போய் எடுங்க" என்றேன்.

"அதுக்குள்ளதான் நாங்க கருவாடு காயப்போடுற வாடி இருந்திச்சு. முன்னுக்குப் போக ஏலுமெண்டா நான் ஏன் சேர் படம் எடுக்கிறன்?"

"சரி, இத அழிச்சிட்டு வேற ஒண்டு எடுக்கலாமே?"

"வேலியப் புடுங்கச் சொல்லுங்க. பொறகு அழிக்கிறன்."

அவர் அந்தப் படத்தை இன்னும் அழித்திருக்க மாட்டார். அதே கரையில் எடுத்து, வகுப்பில் மாதிரிக்கென நான் காட்டிய படங்களில் கம்பியே இல்லை. அன்று காலை என் கமராவைக் கண்டதும், ஹோட்டல் காவலாளி எனக்குக் கேற்றைத் திறந்துவிட்டிருந்தார்.