ஞானஸ்நானச் சட்டை

தகரப் பெட்டியின் அடியில், அம்மாவின் இரண்டு புடவைகளுக்கும் கீழே அந்தச் சட்டை இருந்தது. பச்சைப் பிள்ளைக்குத் தைத்ததுதான், ஆனால் நீளம் பிள்ளையைப் போல இரண்டு மடங்கு. ஞானஸ்நானச் சட்டை அப்படித்தான் இருக்கும்; ஏந்தியிருப்பவளின் முழங்கையைத் தாண்டி வழிந்து தொங்க வேண்டும். வெள்ளை மல் துணி முப்பத்தைந்து வருடத்தில் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்தைச் சுற்றியும் கை ஓரங்களிலும் லேஸ். இடது கையில் ஒரு பூவுக்கு மட்டும் ஐந்து இதழுக்குப் பதிலாக நான்கு. "நீ அவசரக்காரி. ஒரு இதழ் போடறதுக்குள்ள பொறந்துட்டே" என்று என் ஞானத்தாய் சொல்லிச் சிரிப்பாள். துணியை வெட்டியவர் என் அப்பா. லேஸ் பின்னியவள் அவள். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அந்தச் சட்டைதான்.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். என்னைத்தான் ஞானத்தாயாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். யுத்தத்தால் கடைகளில் நல்ல வெள்ளைத் துணி கிடைக்கவில்லை. அதனால்தான் பெட்டியைத் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஞானம்மா என்றுதான் அவளை நான் கூப்பிடுவேன். என் அம்மாவும் அவளும் கன்னியாஸ்திரி மடத்து லேஸ் அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். நான் பிறந்ததும், என்னைக் கோயிலில் ஏந்தி நிற்க அம்மா தன் சிநேகிதியைத்தான் கேட்டாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. எட்டு மாதம் கழித்து அம்மா ஜுரத்தில் போய்விட்டாள். அப்பா தண்டில், அதாவது பட்டாளம் குடியிருந்த பகுதியில், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு உடுப்பு தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். காதில் நீல சாக்பீஸ் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் வேலைக்குப் போனதும் என்னைத் தூக்கிக்கொண்டு போக, மூன்று வீடு தள்ளியிருந்த ஞானம்மா வருவாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள்.

எனக்கு மூன்று வயதாகும்போது அப்பா சாமியாரிடம் போய் ஞானம்மாவைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். அவளுக்கும் சம்மதம், அண்ணனுக்குக்கூட மறுப்பில்லை. தாடி வைத்த அந்தப் பரதேசத்துச் சாமியார் புத்தகத் தமிழில் பேசுவார். "உன் பிள்ளையைத் திருத்தொட்டியில் ஏந்தியவள் உனக்கு ஞான உறவு. அந்த உறவுக்குள் மெய்விவாகம் கிடையாது" என்று சொல்லிவிட்டார். மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, எழுதினால் விலக்குக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா எழுதிக் கொடுத்தார். பதிலே வரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். கடிதம் சாமியாரின் மேஜையைத் தாண்டிப் போனதா என்பதே யாருக்கும் தெரியாது. கதைகளில் காதலர்களைப் பிரிக்க ராஜாவும் கடலும் கோட்டைச் சுவரும் வேண்டியிருக்கிறது. இவர்களைப் பிரிக்க என் தலையில் ஊற்றிய ஒரு கிண்ணித் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

வேறு ஊருக்குப் போயிருக்கலாம் என்று நினைப்பீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் அதே கோயில், அதே சட்டம். கோயிலை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்ள இருவருக்கும் மனம் வரவில்லை. அண்ணன் பார்த்த மாப்பிள்ளைகளை ஞானம்மா வேண்டாம் என்றாள். அப்பாவும் வேறு பெண்ணைப் பார்க்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றிலிருந்து நான் வீட்டில் இல்லாத நேரத்தில் ஞானம்மா எங்கள் வாசற்படியை மிதித்ததில்லை. மூன்று வீடுதான் இடைவெளி, முப்பது வீட்டுக் கண்கள் அதைக் காவல் காத்தன. அவர்கள் நேருக்கு நேர் பேசி நான் கேட்டதில்லை. "உங்கப்பாவுக்கு இருமல் நிக்கலையே, மிளகுக் கஷாயம் வச்சுக் குடிக்கச் சொல்லு" என்பாள் என்னிடம், அப்பா இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருக்கும்போதே. "குடிக்கறேன்னு சொல்லும்மா" என்பார் அவரும் என்னிடமே.

அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் என் கவுன்களில்தான். ஈஸ்டருக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. அப்பா வெட்டித் தைத்து, லேஸ் வரவேண்டிய இடத்தில் நீலக் கோடு போட்டு என்னிடம் கொடுப்பார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஞானம்மா வெளிச்சத்தில் விரித்து வைத்து, கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் துணியின் உள்பக்கத்தில் அப்பா இரண்டு வார்த்தை எழுதியிருந்தார். எனக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்தது. 'அவசரம் இல்லை.' லேஸைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பின்னி முடித்ததும் ஞானம்மா எல்லாக் கோட்டையும் தட்டிவிட்டாள், அந்த இரண்டு வார்த்தையை மட்டும் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பினாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு அன்று மாலை முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தெருவில் என்னைவிட அழகான கவுன் போட்ட பெண் கிடையாது. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறைய இருந்தது, அதற்காகவே பள்ளிக்கூடத்தில் எனக்கு எதிரிகளும் இருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது இருக்கும். மணி அடித்து வெளியே வரும்போது ஒருத்தி சொன்னாள்: "உங்க ஞானம்மா உனக்குச் சித்தியா வரப்போறாங்களாம். அப்புறம் பாரு, லேஸும் இருக்காது ஒண்ணும் இருக்காது. சோறு கூட மிஞ்சினாத்தான்." சித்தி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பின்வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சித்தி இருந்தாள். அந்தப் பெண்ணின் கையில் கரண்டிக் காம்பு பட்ட தழும்புகள் இருந்தன. நான் அழுதுகொண்டே ஞானம்மாவின் அறைக்கு ஓடினேன்.

அவள் மழைக்காலத்துக்கு முன்னால், நான் கொண்டுபோய்க் கொடுத்திருந்த எங்கள் பெட்டித் துணிகளை வெயில் காட்டி மடித்துக்கொண்டிருந்தாள். என் ஞானஸ்நானச் சட்டை மடியில் இருந்தது. "நீ எனக்கு ஞானம்மாதானே? சித்தியா வரமாட்டேதானே?" என்று கேட்டேன். அவள் என்னை இழுத்து முகத்தைத் துடைத்தாள். "யாருடி சொன்னா? பைத்தியம்" என்றாள். எனக்கு அது போதவில்லை. சட்டையை எடுத்து அவள் கையில் திணித்து, "இதத் தொட்டுச் சத்தியம் பண்ணு" என்றேன். அவள் உடனே பண்ணவில்லை. சட்டையின் இடது கையில் அந்த நான்கிதழ்ப் பூவை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் மறுபடியும் அழ ஆரம்பித்ததும், "சரி. சத்தியம். எப்பவும் உனக்கு ஞானம்மாதான்" என்றாள். எனக்கு வெல்லமும் பொட்டுக்கடலையும் கொடுத்தாள். இதை நான் வாழ்நாள் முழுக்க ஒரு இனிப்பான ஞாபகமாகவே வைத்திருந்தேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, அந்தப் பெரிய யுத்தம் முடிகிற சமயம். தாடிச் சாமியார் காலமாகி வேறொருவர் வந்திருந்தார். ஒரு சாயங்காலம் அப்பா கடையிலிருந்து சீக்கிரமே வந்து, குளித்து, கோட்டுப் போட்டுக்கொண்டார். காதில் சாக்பீஸ் இல்லை. கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். "நீ இங்கயே இரும்மா" என்று சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொள்ளாமல் ஞானம்மா வீட்டுக்குப் போனார். அது வரைக்கும் நடக்காத காரியம். நான் கதவிலேயே நின்றேன். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னப்பா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா. அளவு சரியா வரலை" என்றார். தையல்காரர் சொல்கிற வார்த்தைதானே என்று நானும் நம்பிவிட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் கவுன் வந்தது. அடுத்த ஈஸ்டருக்கும். நீலக் கோடுகள் இருந்தன, வார்த்தைகள் மட்டும் பிறகு வரவே இல்லை. நான் தாவணி போட்டேன், புடவை கட்டினேன், ட்ரெயினிங் முடித்து டீச்சரானேன். என் ரவிக்கைகளை அவர் வெட்ட, அவள் லேஸ் வைத்தாள். கல்யாணம் எனக்கு அமையவில்லை, நானும் பெரிதாக வருத்தப்படவில்லை. அவர்கள் இருவருக்கும் என் கண்முன்னாலேயே தலை நரைத்தது. மூன்று வீடு மூன்று வீடாகவே இருந்தது.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. சாவு வீட்டில் பெண்கள் எங்கே உட்கார்வது என்பதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. தலைமாட்டில் உடன்பிறந்தவர்கள், பக்கத்தில் பிள்ளைகள், அப்புறம் பங்காளி வீட்டுப் பெண்கள். ஞானம்மாவுக்கு அதில் எங்கும் இடமில்லை. தெருப் பெண்களோடு கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். வாய்விட்டு அழுதால் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு, அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மூடும்போது எழுந்து வெளியே போய்விட்டாள். அவளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, இப்போதிருக்கும் இளம் சாமியாரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "பாத்துக்குங்க சாமி, இனிமே இந்தப் பிள்ளையோட தகப்பனுக்கு நான் ஞான உறவு. எங்க வீட்டுல அதனாலயே ஒரு கல்யாணம் நின்னுது." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அந்தத் தடையை எடுத்து எவ்வளவோ வருஷம் ஆச்சே டீச்சர். போன யுத்தம் முடியறப்பவே ரோமாபுரியில சட்டத்தை மாத்திட்டாங்க. ஞானத்தாய்க்கும் பிள்ளைக்கும்தான் உறவு, தகப்பனுக்கு இல்லை. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

சட்டம் மாறி இருபத்தைந்து வருடம்! பூட்டே இல்லாத கதவுக்குப் பின்னால் இரண்டு பேரை உட்காரவைத்துவிட்டார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குப் போட எண்ணியிருந்த சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதையும் எடுத்துக்கொண்டு நேராக ஞானம்மாவிடம் போனேன். அதே பின்னறை. கண்ணாடி போட்டுக்கொண்டு பீட மேஜை விரிப்புக்கு லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள்.

"சட்டம் எப்பவோ மாறிடுச்சாம் ஞானம்மா. உங்க ரெண்டு பேருக்கும் யாருமே சொல்லல. மோசம் பண்ணிட்டாங்க."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் கண்ணு."

"தெரியுமா? அப்பாவுக்கு?"

"அவர்தான் வந்து சொன்னார். கோட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரே, அன்னிக்கு."

"நீ என்ன சொன்னே?"

"முடியாதுன்னேன்."

"ஏன்?"

அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தாள். என் மடியிலிருந்த சட்டையைப் பார்த்தாள். "இதத் தொட்டுத்தானே சத்தியம் வாங்கினே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நாளை என்ன கிழமை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். ரோமாபுரிச் சட்டத்தையும் தாடிச் சாமியாரையும் திட்டிக்கொண்டு வந்தவள் நான். கதவைப் பூட்டியது என் கை. வெல்லம் தின்றுகொண்டே பூட்டியிருக்கிறேன்.

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன் கடைசியில்.

"எப்பிடிச் சொல்றது? பெத்த பொண்ணு வேணாம்னுச்சுன்னு தெரிஞ்சா உன்மேல வருத்தம் வரும். என்மேல இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"சின்னப் பிள்ளை சொன்னதுக்கு இவ்வளவா? பத்து வயசுலயோ பன்னெண்டு வயசுலயோ என்னைக் கேட்டிருந்தா சரின்னிருப்பேனே ஞானம்மா!"

"கேட்டா நீ எனக்காகச் சரிம்பே. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு மறுபடியும் ஊசியை எடுத்துக்கொண்டாள். "அவசரம் இல்லைன்னுதானே அவரும் எழுதினார்."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைக்கு அந்தச் சட்டையையே போட்டோம். திருத்தொட்டிக்கு முன்னால் சாமியார் கேட்கக் கேட்க, பேசத் தெரியாத பிள்ளைக்காக ஞானத்தாய் பதில் சொல்ல வேண்டும். பிசாசை விட்டுவிடுகிறாயா? விட்டுவிடுகிறேன். விசுவசிக்கிறாயா? விசுவசிக்கிறேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு சின்னப் பெண் எனக்காக இதையெல்லாம் சொன்னாள். அவள் என் பேரில் கொடுத்த வாக்கில் பாதியைக்கூட நான் காப்பாற்றியிருக்கமாட்டேன். நான் அவளிடம் வாங்கியதை அவள் ஒரு நாள் குறையாமல் காப்பாற்றியிருக்கிறாள்.

கடைசி பெஞ்சில் ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். சட்டையின் இடது கையைப் பிடித்து, அந்தப் பூவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இன்னொரு இதழ் போட்டுக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சட்டையை நானே துவைத்துப் போட்டிருக்கிறேன். மழை தூறுவதால் இன்னும் காயவில்லை.